வாசகரைக் காட்டிக்கொடுக்காத செயலி

திருகோணமலை மாவட்டத்தில் வாசகர் வட்டம் நடத்த நினைப்பவருக்கு முதல் தடை தூரம். நகரத்துக்கும் மூதூருக்கும் நடுவே கொட்டியாரக் குடா கிடக்கிறது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் தரைவழி இலகுவாகிவிட்டது உண்மைதான். ஆனாலும் மாலை ஆறு மணிக்கு நகரத்து உவர்மலையில் கூட்டம் என்றால் மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ யார் வந்து இரவில் திரும்புவது? பெண்களுக்கு அது இரட்டைப் பாடு. ஆகவே இங்கே இணையவழி வாசகர் வட்டம் ஆடம்பரமில்லை, அதற்கென்று ஒரு கைபேசிச் செயலி வேண்டும் என்பதும் நியாயமான ஆசைதான். ஆனால் குட்ரீட்ஸ் என்ற வாசகர் செயலியைத் தமிழில் நகலெடுத்துக் கொடுத்தால் அது இங்கே எடுபடாது.

குட்ரீட்ஸ், ஸ்டோரிகிராஃப், ஃபேபிள் போன்ற செயலிகள் இரண்டு விஷயங்களைச் சொல்லாமலே எடுகோளாகக் கொள்கின்றன. உறுப்பினர் ஒவ்வொருவர் கையிலும் அவரவர் பிரதி இருக்கும். தான் எதைப் படிக்கிறேன் என்று ஊருக்குக் காட்டுவதில் அவருக்கு மகிழ்ச்சி இருக்கும். திருகோணமலையில் இரண்டுமே பொருந்தாது.

முதலில் பிரதி. இந்த ஊர்க்காரரான தி.த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895இல் வெளிவந்த நாவல். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. எண்ணிமப்படுத்திக் கொடுக்கத் தடையில்லை. மூதூர் வ.அ. இராசரத்தினத்தின் ‘தோணி’ சிறுகதைத் தொகுப்பு அப்படியல்ல. அவர் 2001இல் காலமானார். இலங்கைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். ஆகவே ஒரு வட்டம் ‘தோணி’யைத் தேர்ந்தால் யாரோ ஒருவர் வீட்டு அலுமாரியில் இருக்கும் பழைய பிரதிதான் கைமாற வேண்டும். அது இன்று யாரிடம் இருக்கிறது, அடுத்து யாருக்கு, எந்த இறங்குதுறையில் யார் கையில் கொடுப்பது என்பதை ஒழுங்குபடுத்தும் வரிசைதான் இங்கே செயலியின் முகப்பில் இருக்கவேண்டியது. நட்சத்திர மதிப்பீடு பிறகு வரட்டும்.

பிரதி சுற்றிவர வாரக்கணக்காகும். முதலாமவர் படித்து முடித்த சூட்டில் எழுதியது கடைசி ஆளுக்குப் புத்தகம் கிடைக்கும்போது வட்ஸ்அப் குழுவில் காலை வணக்கங்களுக்கும் மரண அறிவித்தல்களுக்கும் அடியில் புதைந்திருக்கும். உரையாடல் தேதியோடு ஒட்டாமல் அத்தியாயத்தோடு ஒட்டிக்கிடக்க வேண்டும். வாசகர் அந்த அத்தியாயத்தை எட்டும்போதுதான் மற்றவர் குறிப்புகள் திறக்க வேண்டும். ஸ்டோரிகிராஃபில் சிலர் சேர்ந்து படிக்கும்போது இது நடக்கிறது. கடன் வாங்கத் தகுந்த யோசனை. பக்க எண்ணை மட்டும் நம்பக்கூடாது. முதற்பதிப்பும் மறுபதிப்பும் ‘நூலகம்’ என்ற இணையதளத்தின் படப்பிரதியும் ஒரே எண்ணில் ஒத்துப்போகாது.

அந்தத் தளத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2005 முதல் தன்னார்வலர்கள் திரட்டிவரும் அந்த எண்ணிம நூலகம் இல்லாவிட்டால் ஈழத்து நூல்கள் பலவற்றைப் பெயராகத்தான் அறிந்திருப்போம். ஆனால் அங்கே இருப்பவற்றில் மிகப் பெரும்பகுதி வருடிய படங்கள். சிறிய திரையில் ஒவ்வொரு வரியையும் பெரிதாக்கி இழுத்து இழுத்துப் படிக்கவேண்டும்; டேட்டாவும் கரையும். காப்புரிமை முடிந்த நூல்களையாவது எழுத்துக் கோப்பாக்குவது செயலி கட்டுவதைவிட அவசரமான வேலை. செய்தாலும் பெயர் கிடைக்காத வேலை என்பதால் யாரும் தொடமாட்டார்களோ என்று பயமாயிருக்கிறது.

இனி இரண்டாவது எடுகோள், படிப்பதை ஊருக்குக் காட்டும் மகிழ்ச்சி. மன்னார்க் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2017இல் வெளியிட்ட ‘நவரசம்’ தொகுப்பைக் காரணம் காட்டி 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைதானார். பிணை கிடைத்தது 2021 டிசெம்பரில், வழக்கிலிருந்து விடுதலையானது 2023 டிசெம்பரில். கவிதை எழுதியவருக்கு இது நேர்ந்த நாட்டில், போர்க்கால நினைவுக்குறிப்பு ஒன்றைப் படித்து அதன் வரிகளுக்கு அடிக்கோடிட்ட ஓர் ஆசிரியையின் பெயர், தொலைபேசி எண், நேரம் அனைத்தும் ஒரு சேவையகத்தில் கிடப்பதை வெறும் ‘வசதி’ என்று கடந்துபோக முடியாது. 2022இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டில் இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. பின்னதை நினைத்துத்தான் ஆட்கள் எழுதுவதை அடக்கி வாசிக்கிறார்கள்.

அரசை விடுங்கள். படிப்புப் பட்டியலைச் சேர்த்துவைக்கும் நிறுவனம் ஒருநாள் அதற்கு வியாக்கியானம் சொல்லவும் கிளம்பும். ஃபேபிள் செயலி செயற்கை நுண்ணறிவைக் கொண்டு வாசகர்களுக்கு ஆண்டிறுதிச் சுருக்கம் எழுதிக் கொடுத்தது. சிலரை அவர்கள் படித்த நூல்களை வைத்து இனரீதியாகச் சீண்டியது. எதிர்ப்புக் கிளம்பி, 2025 ஜனவரியில் அந்த வசதியை நீக்கினார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே நூலைச் சுற்றி உட்காரக்கூடிய ஒரு மாவட்டத்தில் இப்படியொரு சுருக்கம் என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை.

ஆகவே தொலைபேசி எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியவே கூடாது. புனைபெயர் போதும், ‘ஈழநாகன்’ என்ற பெயரிலும் எழுதியவர்தானே இராசரத்தினம்! குறிப்புகள் அவரவர் கைபேசியில் தங்கட்டும். நூல் முடிந்ததும் உரையாடல் அழிவதே இயல்புநிலையாக இருக்கட்டும். இதில் ஓர் இழப்பு உண்டு. சிற்றிதழ்களைச் சேர்த்து வைத்ததால்தான் நம் இலக்கிய வரலாறு மிஞ்சியது. நல்ல விவாதமும் ஆவணம்தான். வட்டத்தார் சம்மதித்தால் பெயர் நீக்கித் தொகுத்து வெளியிடலாம். ஒருவர் மறுத்தால் அவர் சொன்னது அதில் வரக்கூடாது.

செலவுக்கு யாரிடம் போவது என்பதில்தான் சிக்கல். விளம்பரதாரருக்கு வாசகரின் விருப்பங்கள் வேண்டும். நன்கொடை தரும் நிறுவனங்களோ எத்தனை பெண்கள், எந்தச் சமூகத்தில் எத்தனை பேர், எந்தப் பிரதேச செயலகப் பிரிவு என்று அட்டவணை கேட்கும். அந்த அட்டவணையை நிரப்ப முடியாதபடி கட்டிய செயலிக்குப் பணம் தர ஒரு பொது நூலகமோ, புலம்பெயர்ந்த திருகோணமலைக்காரர்களோ முன்வந்தால் வேலையைத் தொடங்கலாம்.