அம்புக்கு வழிகாட்டி வால்தான்!



"டிப்ளமோ படிக்கிறவன் அம்பு விடுறதப் பத்தி எழுத வந்துட்டானே" என்று சிரிக்காதீர்கள். சிரிக்கும் முன் ஒரு கேள்வி. டிவைடிங் ஹெட்டில் ஒரு வட்டத்தை மூன்று சம பாகமாகப் பிரிக்க வேண்டும். கைப்பிடியை எத்தனை சுற்று சுற்றுவீர்கள்?

நாற்பதை மூன்றால் வகுக்க வேண்டும். 13 முழுச் சுற்று, அதோடு 15 துளை வட்டத்தில் 5 துளை. வைவாவில் எனக்கு இதே கேள்விதான் வந்தது. டக்கென்று சொன்னேன். எக்ஸ்டர்னல் தலையாட்டினார். அன்றைக்கு நான்தான் பெரிய இன்ஜினியர் என்று நினைப்பு!

அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். எட்டாவது படிக்கும் என் தம்பிக்கு வில் அம்பு என்றால் உயிர். சின்ன வயதில் எங்க ஊர் திரௌபதி அம்மன் திருவிழாவில் அர்ஜுனன் தபசு பார்த்ததிலிருந்து பிடித்த பைத்தியம் அது. மூங்கிலைச் சீவி அவனே வில் செய்திருந்தான். பென்சில் கனத்தில் நேரான மூங்கில் குச்சி நாலு, பக்கத்து வீட்டு வான்கோழி உதிர்த்த இறகு ஒரு கட்டு, ஒரு ஃபெவிக்விக். எல்லாம் தயார். "அண்ணா, இறகு மட்டும் ஒட்டிக் கொடு. நீதான மெக்கானிக்கல்" என்றான்.

ஒட்டினேன். கண்மதிப்பில்! அரை மணி நேரத்தில் நாலு அம்பும் முடிந்தது. வைக்கோல் போரைக் குறி வைத்து விட்டான். அம்பு பாம்பு மாதிரி நெளிந்துகொண்டு போய் பக்கவாட்டில் விழுந்தது. நாலும் அப்படித்தான். "இதத்தான் மூணு வருசமா படிக்கிறியா?" என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான். அதுதான் சுருக்கென்றது.

ஸ்கேலை எடுத்து அளந்தேன். குச்சியின் விட்டம் 8 மி.மீ., சுற்றளவு சுமார் 25 மி.மீ. மூன்று இறகுக்கும் இடையே ஏறக்குறைய 8.4 மி.மீ. இருக்க வேண்டும். நான் விட்டிருந்தது 7, 8, 10. சின்னப் பிசகுதானே என்று தோன்றும். கோணத்தில் பாருங்கள்: 120 டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் 101, 115, 144! மெல்லிய குச்சியில் ஒரு மில்லிமீட்டர் என்பது 14 டிகிரி.

தப்பு அதோடு நிற்கவில்லை. நாண் மாட்டும் வெட்டைக் கவனிக்காமலே ஒட்டிவிட்டேன். மூன்று இறகில் ஒன்று அந்த வெட்டுக்குச் செங்குத்தாக, வில்லுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். அப்போதுதான் மற்ற இரண்டும் வில்லை உரசாமல் தாண்டும். அந்த இறகை அடையாளம் தெரிய வேறு நிறத்தில் ஒட்டுவது வழக்கம். நான் ஒட்டியதில் ஒரு இறகு நேராகப் போய் வில்லில் இடித்தது. போதாததற்கு இடது சிறகின் இறகையும் வலது சிறகின் இறகையும் ஒரே அம்பில் கலந்திருந்தேன். அவற்றின் வளைவு ஒன்றுக்கொன்று எதிர். ஒன்று அம்பை இப்படிச் சுழற்றப் பார்த்தால் இன்னொன்று அப்படிச் சுழற்றும்.

இறகு எதற்கு? அழகுக்கு அல்ல. அம்பின் கனம் முன்னால் இருக்கிறது. காற்றின் இழுப்பு பின்னால் இருந்தால், அம்பு கொஞ்சம் திரும்பினாலும் வாலைப் பிடித்து நேராக்கிவிடும். குறியைத் தொடுவது முனை. வழி காட்டுவது வால்.

இதையெல்லாம் நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அப்பா வேலை முடிந்து வந்தார். அவர் கொத்தனார். பள்ளிக்கூடம் தாண்டாதவர். விஷயத்தைக் கேட்டார். பையிலிருந்து நூலை எடுத்தார். குச்சியை ஒரு சுற்றுச் சுற்றி, முனை சேருகிற இடத்தில் வெட்டினார். "மூணா மடிடா. இதுக்கு எதுக்கு இவ்ளோ யோசன?"

நண்பர்களே, எனக்குப் பேச்சே வரவில்லை. நாற்பதை மூன்றால் வகுக்கத் தெரிந்தவன் நான். அரை நிமிடத்தில் மூன்று பாகம் பிரித்தவர் அவர்!

அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து செய்தோம். நூல் இழுத்தால் நீளும் என்பதால் காகிதப் பட்டை எடுத்தேன். சுற்றி, முனைகள் சரியாகச் சேரும்படி வெட்டி, மூன்றாக மடித்தோம். மடிப்பில் சந்தேகம் வந்தால் முதலாண்டு டிராயிங்கில் படித்தோமே, சாய்கோடு போட்டு ஒரு நேர்கோட்டைச் சம பாகமாகப் பிரிப்பது, அதுவே போதும். பட்டையின் இணைப்பை நாண் வெட்டுக்குச் செங்குத்தான இடத்தில் வைத்து மறுபடி சுற்றி, மூன்று புள்ளி குறித்தோம். அம்பை உருளாமல் மேசையில் படுக்கவைத்து, பக்கத்தில் ஒரு நோட்டின் மேல் பென்சிலைப் படுக்கவைத்து இழுத்தால் நேர்கோடு. ஃபிட்டிங் ஷாப்பில் மார்க்கிங் பிளாக் செய்கிற வேலைதான் இது! நாண் பக்கத்து முனையிலிருந்து ஓர் அங்குலம் விட்டு, ஒரே சிறகின் இறகுகளாகப் பொறுக்கி, நாலு அம்புக்கும் ஒரே அளவில் ஒட்டினோம். இந்த முறை அம்பு நேராகப் போய் வைக்கோல் போரில் குத்தி நின்றது. (ஆள், ஆடு, மாடு இல்லாத பக்கம் பார்த்துத்தான் விட்டோம்!)

இறகு ஒட்டுவதற்கென்றே ஜிக் விற்கிறார்கள். அதன் உள்ளே இருக்கும் வித்தை 120 டிகிரி திருப்புவது மட்டும்தான். நம் லேத்தின் மூன்று தாடை சக் தினமும் நம் கண் முன்னால் அதைச் செய்கிறதே! ஒவ்வொரு தாடையையும் ஒரே மரக்கட்டையின் மேல் உட்காரவைத்து, டூல் முனையால் கோடு இழுத்தால் மூன்று கோடு தயார்.

"டிப்ளமோ முடிச்சிட்டு அம்புக்கு இறகு ஒட்டவா?" என்று கேட்பீர்கள். ஒலிம்பிக்கில் குறி 70 மீட்டர் தள்ளி இருக்கிறது. பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 12.2 செ.மீ. கோணமாகப் பார்த்தால் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு! ராஞ்சி ஆட்டோ ஓட்டுநரின் மகள் தீபிகா குமாரி மூங்கில் வில்லில் தொடங்கித்தான் 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கினார். நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கண் இல்லையா, கை இல்லையா? சாமான் வாங்கக் காசுதான் இல்லை. அந்தச் சாமானில் பாதியைச் செய்யும் படிப்பு நம்மிடம் இருக்கிறது.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? சீனியர் கொடுத்த ஜாப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் காட்டுகிறோம். ரெக்கார்டைப் பார்த்து ரெக்கார்ட் எழுதுகிறோம். நானும் செய்தவன்தான், மறைக்கவில்லை. என் யோசனை ஒன்றுதான். ஆண்டுக்கு ஒரு ஜாப்பாவது வீட்டில் யாருக்காவது உபயோகப்படுவதாக இருக்கட்டும். நம் மன்றம் இதை ஆசிரியர்களிடம் கேட்டு வாங்கித் தரட்டும். முதல் ஜாப்பாக ஒரு இறகு ஜிக் செய்து பக்கத்து அரசுப் பள்ளிக்குக் கொடுப்போம்.

நம்மில் பாதிப் பேர் வீட்டில் முதல் படிப்பாளி. படித்ததும் வீட்டுக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்க ஆரம்பித்துவிடுகிறோம். அன்றைக்கு ராத்திரி டிவைடிங் ஹெட் படத்தைக் காட்டி, "நீங்க நூலுல செஞ்சத இது பல்சக்கரத்துல செய்யுதுப்பா" என்றேன். அப்பா ரொம்ப நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் செய்யிறதும் படிப்புதானா?" என்றார்.

ஆமாம்பா. படிப்புதான்!

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை