நாலு ஸ்க்ரூ போட்டால் குறைந்தா போய்விடுவார்கள்?

"எங்கள ஊரில நேற்று நல்ல மழை."

கார்த்திகையில் ஒரு காலை என் மடிக்கணினி இப்படித்தான் எழுதியது. புள்ளிகளைக் காணோம். நான் தமிழ்99 முறையில் தட்டுகிறவன். 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அந்த முறையில் எஃப் விசைதான் புள்ளி. 'நல்ல' மாதிரி எழுத்து இரட்டிக்கும் இடத்தில் மென்பொருளே புள்ளி வைத்துவிடும்; மற்ற பெரும்பாலான இடங்களில் நாம்தான் தட்ட வேண்டும். அந்த விசை செத்துப் போயிருந்தது. கூடவே பக்கத்து விசைகள் மூன்று. ஓலைச்சுவடிக் காலத்தில் புள்ளி இல்லாமல்தானே எழுதினார்கள் என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். படிக்கிற நீங்கள் என்ன பாவம் செய்தீர்கள்?

தப்பு என்னுடையதுதான், மறைக்கவில்லை. முந்தின இரவு மூடுபனியும் குளிருமாக இருந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு தட்டும்போது கடுங்காப்பி டம்ளரைக் கவிழ்த்துவிட்டேன். விசைகளுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அவற்றில் கோடு கோடாக மின்பாதை அச்சிட்டிருப்பார்கள். ஒரு கோடு அரித்துப் போனால் அதில் தொங்குகிற விசைகள் எல்லாம் சேர்ந்து போகும்.

கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார் ஒரு தம்பி. "நேர்ல கொண்டு வாங்க சார். ஒரு வாரம் ஆகும். ஆறாயிரத்து ஐந்நூறு வரும். பழைய மாடல் சார், இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசாவே வாங்கிடலாம்." அவர் இருப்பது கீழே, சமவெளியில். நான் இருப்பது கூக்காலில். பூம்பாறை வழியாகக் கொடைக்கானலுக்கே நாற்பது கிலோமீட்டர் போல ஆகும். அங்கிருந்து மலையிறங்க வேண்டும். கொடுக்க ஒரு நாள், வாங்க ஒரு நாள். என் முட்டியின் நிலை பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

நானே கழற்றினேன். எழுபதைத் தொட்டவன், தபால் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன், எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. அணைத்து, சார்ஜர் வயரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி வைத்தேன். அடிப்பக்கத்தில் விசைப்பலகைப் படம் போட்ட மூன்று ஸ்க்ரூ. மேல் வரிசையை ஒட்டியிருந்த கொக்கிகளைக் காலாவதியான ஏடிஎம் அட்டையால் நெம்பினேன். தூக்கியதும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. அடியில் நாடா மாதிரி ஒரு கேபிள் இருக்கும். அதைப் பிடித்திருக்கும் சின்னஞ்சிறு தாழ்ப்பாளை நகத்தால் நிமிர்த்தினால் கேபிள் தானாக வந்துவிடும்.

முதலில் மாடல் பெயரை மட்டும் பார்த்து ஆர்டர் செய்து ஏமாந்தேன். என்டர் விசை வேறு வடிவம், கேபிள் வேறு இடம். திருப்பி அனுப்பிவிட்டு, பழையதன் முதுகில் ஒட்டியிருந்த எண்ணைக் கண்ணாடி போட்டுப் படித்து மறுபடி வாங்கினேன். ஆயிரத்து நூறு ரூபாய். மாட்டியதும் வேலை செய்யவில்லை. கேபிள் முழுதாக உள்ளே போகவில்லை. மறுபடி அழுத்தித் தாழ்ப்பாளைச் சாய்த்தேன். புள்ளி வந்தது! தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பிக் காட்டினேன். அவளுக்கு அவ்வளவு ஆர்வமில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இது தற்பெருமைப் பதிவு. கோபம் பிறகுதான் வந்தது. செய்தி தெருவில் பரவி, கல்லூரியில் படிக்கிற பக்கத்து வீட்டுப் பெண் தன்னுடையதைக் கொண்டு வந்தாள். "தாத்தா, இதுலயும் நாலு கீ வேலை செய்யல." அவள் அப்பா பூண்டு விற்ற பணத்தில் இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கியது. அடிமூடியைக் கழற்றினேன். பேட்டரி, விசிறி, மதர்போர்டு எல்லாவற்றையும் எடுத்தால்தான் விசைப்பலகையின் முதுகே தெரிகிறது. அதை மேல்மூடியோடு சேர்த்து வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக்கை உருக்கி ரிவெட் அடித்திருக்கிறார்கள். எண்ணினேன், ஐம்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். விசைப்பலகை போனால் மேல்மூடியையே மாற்ற வேண்டுமாம்.

யோசித்துப் பாருங்கள். ஒரு கணினியில் விரல் படுகிற, தூசி விழுகிற, காப்பி கொட்டுகிற, நிச்சயமாகத் தேயப் போகிற பாகம் விசைப்பலகைதான். அதைப் போய் எடுக்கவே முடியாதபடி அடிப்பது அறியாமையா? நான் நம்பவில்லை. எங்கள் ஊரில் மருந்தடிக்கிற ஸ்பிரேயரின் வாசர் தேய்ந்தால், விவசாயி தோட்டத்து வரப்பில் உட்கார்ந்தே மாற்றுவார். வாசரை டேங்கோடு ஒட்டி விற்றால் அந்தக் கம்பெனிக்காரனை ஊருக்குள் விடுவார்களா?

மெல்லியதாகச் செய்ய வேறு வழியில்லை என்கிறார்கள். ஆப்பிள் கம்பெனி 2015-இல் மெல்லிய விசைப்பலகை ஒன்றைக் கொண்டுவந்தது. பட்டாம்பூச்சி என்று பெயர். துளி தூசி போனால் விசை மாட்டிக்கொள்ளும். மாற்றப் போனால் மேல்மூடியும் பேட்டரியும் சேர்ந்து மாற வேண்டும். கடைசியில் 2018-இல் இலவசமாகப் பழுதுபார்த்துத் தரத் திட்டம் அறிவித்தார்கள். அமெரிக்காவில் நடந்த வழக்கில் 2022-இல் 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய கம்பெனியின் மெல்லிசுக்கே அந்தக் கதி.

பாதுகாப்பு என்றும் சொல்வார்கள். பேட்டரி விஷயத்தில் அது நியாயம். உப்பிய பேட்டரியைத் தயவுசெய்து நீங்கள் தொடாதீர்கள். விசைப்பலகையில் என்ன ஆபத்து?

நம் நாட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்க விடாததற்காக 2014-இல் 14 கார் கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்குக் குழு அமைத்தது. அதே டிசம்பர் 24-இல் ஓர் இணையதளமும் திறந்தார்கள். ஆனால் இணையதளம் வேறு, சட்டம் வேறு. ரிவெட்டுக்குப் பதில் ஸ்க்ரூ போடு, உதிரிபாகத்தை இத்தனை வருஷம் விற்பனையில் வை என்று கட்டாயப்படுத்த இங்கே தனிச் சட்டம் இல்லை. பிரான்ஸில் 2021 முதல் மடிக்கணினியைப் பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் போட்டுத்தான் கடையில் வைக்க வேண்டும். ஃப்ரிட்ஜுக்கு நட்சத்திரம் பார்த்து வாங்குகிற நம் ஜனங்களுக்கு அந்த எண் புரியாதா?

தமிழக அரசு 2011-இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. இந்த மலையில் பல வீடுகளில் அதுதான் முதல் கணினி. அவற்றில் சில இன்று பரணில் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒன்றுக்கு விசைப்பலகை, ஒன்றுக்கு சார்ஜர் முனை. தூக்கிப் போடவும் மனமில்லாமல், சரிசெய்யவும் ஆளில்லாமல் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

அந்தப் பெண்ணுக்கு நான் செய்ய முடிந்தது, நானூறு ரூபாய்க்கு யுஎஸ்பி விசைப்பலகை ஒன்று வாங்கிக் கொடுத்ததுதான். மடியில் வைக்க வாங்கிய கணினிக்கு இப்போது மேசை தேவைப்படுகிறது. விடிகாலைப் பேருந்தில் அவள் போகும்போது பையிலிருந்து அது ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கிறது.

பரணில் கிடப்பதை எடுத்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன். ஸ்க்ரூ உள்ளதாக இருந்தால் ஒரு கை பார்க்கலாம். ரிவெட் அடித்ததாக இருந்தால் சேர்ந்து உட்கார்ந்து திட்டலாம், காப்பி தருகிறேன். டம்ளரை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.