சைக்கிளை எடுங்கள், சரித்திரத்தைப் பாருங்கள்!



உங்கள் வீட்டுத் திண்ணையோரம் ஒரு சைக்கிள் நிற்கிறதா? பள்ளிக்கூடம், டியூஷன், கடைத்தெரு இந்த மூன்றையும் தவிர அது வேறு எங்காவது போயிருக்கிறதா? யோசித்துச் சொல்லுங்கள்.

வகுப்பில் நான் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பேன். "தாஜ்மகால் எந்த ஊரில் இருக்கிறது?" என்றால் எல்லாக் கைகளும் உயரும். "நம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய கோயிலை யார் கட்டினார்கள்?" என்றால் கைகள் இறங்கிவிடும். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. சுற்றுலா என்றால் பஸ் பிடித்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போவது என்றுதானே பெரியவர்கள் பழக்கி வைத்திருக்கிறோம்?

என் கருத்து இதுதான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நீங்கள் சைக்கிளில் போய் உங்கள் ஊரைச் சுற்றியுள்ள பழமையான இடம் ஒன்றைப் பார்த்து வர வேண்டும். இதைப் பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள், இது உங்கள் கடமை. ஏன் என்று சொல்கிறேன்.

சைக்கிள்தான் சரியான வாகனம்

காரைக்காலையே எடுத்துக்கொள்வோம். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த இந்த மாவட்டத்தின் பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான். கிழக்கே கடல், மற்ற பக்கங்களில் தமிழ்நாடு. காவிரிப் படுகை என்பதால் மேடு பள்ளமே இல்லை. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு என்று ஆறுகள் ஓடும் பூமி. தை மாதம் சம்பா அறுவடை முடிந்ததும் அதே வயலில் உளுந்தும் பயறும் பச்சை கட்டி நிற்கும். சைக்கிள் ஓட்டுவதற்கு இதைவிட நல்ல இடம் ஏது?

பஸ்ஸில் போனால் இவையெல்லாம் ஜன்னலில் ஓடி மறைந்துவிடும். சைக்கிளில் போனால் நினைத்த இடத்தில் நிறுத்தலாம், வயலில் வேலை செய்யும் தாத்தாவிடம் வழி கேட்கலாம். அவர் வழியோடு சேர்த்து ஒரு கதையும் சொல்வார்!

இன்னொன்றும் புரியும். காரைக்காலில் எவ்வளவு தூரம் மிதித்தாலும் ஒரு குன்றுகூடக் கண்ணில் படாது. இது ஆறு கொண்டுவந்த வண்டல் மண். அப்படியானால் கோயில்களில் இருக்கும் கருங்கற்கள் எங்கிருந்து வந்தன? நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள். லாரி இல்லாத காலத்தில்! வெறும் 5 கிலோமீட்டர் மிதித்துக் கால் வலிக்கும்போதுதான், அந்தக் கல்லைக் கொண்டுவந்தவர்களின் உழைப்பு நமக்கு உறைக்கும். புத்தகம் இதைச் சொல்லலாம், உணர வைப்பது சைக்கிள்தான்.

ஒரு காலை, நான்கு இடங்கள்

காரைக்கால் நகரில் அம்மையார் கோயிலிலிருந்து புறப்படுங்கள். 63 நாயன்மார்களில் ஒருவரான காரைக்கால் அம்மையார் பிறந்த ஊர் இது. ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழா நடப்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் கம்போடியா நாட்டில், 10-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட பந்தியாய் ஸ்ரே கோயிலில், ஆடும் சிவபெருமானின் அருகே மெலிந்த பெண் உருவம் ஒன்று செதுக்கப்பட்டிருப்பது தெரியுமா? அது காரைக்கால் அம்மையார்தான் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். நம் தெருக் கதை கடல் கடந்து போயிருக்கிறது!

அடுத்தது நகரிலேயே உள்ள கோயில்பத்து. தேவாரத்தில் இதன் பெயர் திருத்தெளிச்சேரி. அங்கிருந்து மேற்கே போனால் தருமபுரம். திருஞானசம்பந்தர் இங்கே பாடிய பதிகத்தைத் தம் யாழில் வாசிக்க முடியாமல் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழையே உடைக்கப் போனாராம். அதனால் அந்தப் பண்ணுக்கு 'யாழ்மூரி' என்று பெயர் வந்தது என்பார்கள். அதே சாலையில் மேலும் போனால் திருநள்ளாறு. சனிப்பெயர்ச்சி என்றால் லட்சக்கணக்கானோர் கூடும் ஊர் இது. காரைக்காலிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர்தான்.

கொஞ்சம் பெரியவர்கள், வீட்டில் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வடக்கே நண்டலாற்றைத் தாண்டிப் போகலாம். சுமார் 15 கிலோமீட்டரில் தரங்கம்பாடி. டென்மார்க் நாட்டினர் 1620-இல் கட்டத் தொடங்கிய டேனிஷ் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. தமிழ் நூல்களை அச்சிட்ட சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கிய ஊரும் இதுதான். தெற்கே போனால் ஐந்து மினாராக்கள் கொண்ட நாகூர் தர்கா. அவற்றில் மிக உயரமானது, 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டியது. இந்து மன்னர் எழுப்பிய மினாரா! ஒற்றுமைக்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

பார்க்காவிட்டால் என்ன ஆகும்?

"சார், இவையெல்லாம் அங்கேயேதானே இருக்கப் போகின்றன? பிறகு பார்த்துக்கொள்ளலாமே!" என்று நீங்கள் கேட்கலாம். அப்படி நினைத்தால் ஏமாந்து போவோம்.

நாகப்பட்டினத்தில் பல நூற்றாண்டுகளாக ஒரு பௌத்தக் கோபுரம் நின்றது. செங்கல்லால் கட்டியது. கடலில் வரும் மாலுமிகள் அதைப் பார்த்துத்தான் கரையை அடையாளம் கண்டார்கள். 1867-இல் அதை இடித்துவிட்டார்கள். தரங்கம்பாடியில் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடலே அரித்துக்கொண்டு போய்விட்டது.

கடலை நம்மால் அதட்ட முடியாது. மனிதர்கள் செய்வதைத் தடுக்கலாம். கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அடிப்பது, ஆணியால் பெயரைக் கீறுவது, பழைய செங்கல்லைப் பெயர்த்து எடுப்பது, இவை நடப்பது யாரும் கவனிக்காத இடங்களில்தான். மாதம் ஒருமுறை நான்கு பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நிற்கும் இடத்தில், யாருக்கும் கீறக் கை வராது. பார்க்கும் கண்களே பாதி காவல்!

வீட்டில் விட மாட்டார்களா?

பெற்றோரின் பயம் நியாயமானது. நாகப்பட்டினம் - காரைக்கால் - தரங்கம்பாடி நெடுஞ்சாலையில் லாரிகளும் பஸ்களும் பறக்கும். ஆகவே கூடியவரை கிராமச் சாலைகளில் போங்கள். மூன்று நான்கு பேராகச் சேர்ந்து, ஒருவர் பின் ஒருவராக ஓட்டுங்கள். 12 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெரியவர் துணையில்லாமல் போகவே கூடாது. காலை 6 மணிக்குக் கிளம்பி 10 மணிக்குள் திரும்பிவிடுங்கள். வெயிலும் ஏறாது. பிற்பகலில் கடல்காற்று கிழக்கிலிருந்து வீசும். திருநள்ளாற்றிலிருந்து திரும்பும்போது அதை எதிர்த்து மிதிப்பது பெரும்பாடு!

"பெண் பிள்ளைக்கு எதற்குச் சைக்கிள் பயணம்?" என்று யாராவது சொன்னால், புதுக்கோட்டையைப் பற்றிச் சொல்லுங்கள். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் மூலம் அங்கே ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் படிப்போடு சைக்கிளும் கற்றார்கள். உங்கள் பாட்டி வயதுள்ளவர்கள் அன்று துணிந்தார்கள். உங்களுக்கு என்ன தயக்கம்?

நோட்டுப் புத்தகத்தை மறக்காதீர்கள். பார்த்த தேதி, இடம், அங்கே கேட்ட கதை, உடைந்திருப்பது எது என்று எழுதுங்கள். படம் வரையுங்கள். கல்வெட்டின் மேல் சாக்பீஸோ மாவோ தடவாதீர்கள். மண்ணில் பழைய சிலையோ காசோ கிடைத்தால் வீட்டுக்கு எடுத்து வரக் கூடாது. ஆசிரியரிடமோ வருவாய்த் துறை அலுவலரிடமோ சொல்லுங்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

நான் சொன்னது காரைக்கால் கதை. நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் ஒரு பழைய கோயிலோ, பள்ளிவாசலோ, தேவாலயமோ, குளமோ, மண்டபமோ இருக்கும். இன்று மாலையே சைக்கிளுக்குக் காற்றடித்து, பிரேக்கைச் சரிபார்த்து, செயினுக்கு எண்ணெய் விட்டு வையுங்கள்.

வரும் ஞாயிறு எங்கே போகிறீர்கள்?