கம்பு போனால் போகட்டும்!

போன தை மாதம் ஒரு விசேஷத்துக்காகத் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் உள்ள பிரம்மதேசம் போயிருந்தேன். சாயங்காலம் அக்கா மகன் வந்து, "மாமா, ஏரிக்குத் தூண்டில் போட வர்றீங்களா?" என்றான். பத்தாம் வகுப்புப் படிக்கிறான். கையில் ஆன்லைனில் வாங்கிய புது ஃபைபர் ராடு. விலை 1,800 ரூபாயாம்.

மண்புழு கோத்து வீசினான். ராடை ஒரு கல் மேல் சாய்த்து வைத்துவிட்டு செல்போனை எடுத்தான். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. சரக்கென்று ஒரு சத்தம். ராடு கல்லிலிருந்து வழுக்கி, தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. பயல் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கப் போனான். பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த பெரியவர் அவன் கையை எட்டிப் பிடித்தார்.

"கம்பு போனா போவுது, நில்லுடா! அங்க மண்ணு எடுத்த பள்ளம். ஆள் ஒசரம் இருக்குது."

எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. மேலே பார்த்தால் முழங்கால் தண்ணீர் மாதிரிதான் தெரிந்தது. கோடையில் வண்டல் எடுத்த இடம், மழை பெய்து ஏரி நிரம்பினால் கண்ணுக்குத் தெரியாது. 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, அருகிலுள்ள மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி நிரம்பும் ஏரியில் எந்த இடம் பள்ளம், எந்த இடம் மேடு என்று யாரால் சொல்ல முடியும்?

பெரியவருடைய மூங்கில் கம்பு மட்டும் அசையாமல் நின்றது. முன்னால் ஒரு கவட்டைக் குச்சி ஊன்றி, அதன் மேல் கம்பைச் சாய்த்திருந்தார். அடிப்பக்கத்தைக் கயிற்றால் ஒரு முளையில் கட்டியிருந்தார். அவ்வளவுதான்!

கெளுத்திக்கு இது ரொம்ப முக்கியம் என்றார். கெளுத்தி கண்ணை நம்பி இரை தேடுவதில்லை. எட்டு மீசையாலும் தரையைத் தடவி, வாசனையும் ருசியும் பார்த்துத்தான் வரும். பொழுது சாய்ந்தால்தான் சுறுசுறுப்பு. அதனால் இரை அடியில் ஆடாமல் கிடக்க வேண்டும். கையில் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தால் காரியம் ஆகாது. ஆனால் வாயில் கவ்வியதும் இழுத்துக்கொண்டு ஓடும். தாங்கல் இல்லாத ராடு அதோடு போய்விடும்.

செலவு பெரிதில்லை. ஒன்றரை இன்ச் பிவிசி பைப்பில் ஒரு முழத் துண்டு வெட்டி, கூர்மையான இரும்புக் கம்பியோடு இறுக்கிக் கட்டினால் போதும். ஈர மண்ணில் ஓர் அடி ஆழமாவது இறங்கட்டும். சற்றுப் பின்பக்கம் சாய்த்து ஊன்றுங்கள். ரீல் இருந்தால் மீன் இழுக்கும்போது நரம்பு கொஞ்சம் விடும்படி தளர்த்தி வையுங்கள். ஏரிக் கரையின் மேல் மட்டும் குழி தோண்டாதீர்கள். அந்தக் கரைதான் ஊரைக் காப்பாற்றுகிறது. மீன் குத்தகைக்கு விட்ட ஏரி என்றால், குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மீன் சிக்கிய பிறகும் அவசரம் கூடாது. முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள்ளையும் விறைத்து நிறுத்தும். குத்தினால் கடுக்கும். பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை அரை மணி நேரம் வைத்தால் வலி குறையும். தேளி குத்தினாலோ, வீக்கம் ஏறினாலோ ஆஸ்பத்திரிதான்.

அன்று மீன் கிடைக்கவில்லை, ராடும் போனது. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு மகனுக்குச் சோறு போட்டாள்.

போன வாரம் பயல் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். புது ராடு இல்லை. பிவிசி பைப்பில் அவனே செய்த தாங்கல். கீழே ஒரு வரி: "மாமா, முதல்ல இது. ராடு அப்புறம்."