ஆற்றுக்கும் ஒரு பாகம்

கோடைக்கானலுக்குச் சென்று வந்தோர் உங்கள் குடும்பத்திலும் இருப்பர். மழை ஓய்ந்து பல நாட்கள் சென்ற பின்னரும், அங்குள்ள சோலைக்காட்டு ஓரங்களில் நீர் கசிந்து ஓடுவதை அவர்கள் கண்டிருக்கக்கூடும். சோலைகளும் அவற்றைச் சூழ்ந்த புல்வெளிகளும் மழைநீரைப் பஞ்சுபோல் உள்வாங்கி, சிறுகச் சிறுக வெளிவிடுகின்றன. அவ்வாறு ஊறும் நீரில் ஒரு பகுதி பாம்பாறாகிக் கும்பக்கரையில் அருவியாய் விழுந்து, வராக நதியில் கலந்து, வைகை அணையை அடைகிறது.

1959ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அவ்வணையில் 71 அடி வரை நீர் தேக்கப்படுகிறது. அங்கே 6 மெகாவாட் திறனுள்ள சிறிய மின்நிலையமும் உண்டு. பாசனத்திற்குத் திறக்கப்படும் நீரே போகிற போக்கில் மின்சாரத்தையும் தந்து செல்கிறது. புகையில்லை, நீரும் செலவாவதில்லை. நல்ல ஏற்பாடுதான்.

ஆயினும், மதுரையில் வைகைக் கரையில் நின்று பாருங்கள்! ஆண்டின் பெரும்பகுதி அங்கே காண்பது மணலும் கழிவுநீருமே. வயலுக்குப் பங்கு கேட்கிறோம். வீட்டுக் குடிநீருக்குப் பங்கு கேட்கிறோம். ஆற்றுக்காகப் பங்கு கேட்பவர் எவர்? பாகப் பிரிவினையில் உரிய வாரிசு ஒருவரை விட்டுவிட்டால், அதனை நீதி என்று ஒப்புவோமா? ஆறு ஓடாவிடில் மீன் இல்லை. கரையோரக் கிணறுகளில் ஊற்றும் குறையும்.

இப்பங்கினைச் சட்டமாக்க இயலும். கங்கையின் மேற்பகுதியிலுள்ள அணைகள், நவம்பர் முதல் மார்ச் வரை, வரும் நீரில் குறைந்தது 20 சதவீதத்தை ஆற்றில் விட வேண்டுமென 2018இல் மத்திய அரசு ஆணையிட்டது. அதனால் மின் உற்பத்தி சற்றுக் குறையலாம். ஆறு உயிரோடிருப்பதற்கு அது பெரிய விலையன்று.

பங்கிடுவதற்கு முதலில் நீர் வேண்டுமே! பழனி மலையின் புல்வெளிகள் பலவற்றைக் கடந்த நூற்றாண்டில் நடப்பட்ட சீகையும் பைனும் யூகலிப்டஸும் மூடிவிட்டன. 2013இல் கோடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது நல்ல தொடக்கம். எஞ்சிய சோலையையும் புல்வெளியையும் காப்பது, அணையைக் காப்பதற்கு ஒப்பாகும்.

நீர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைப் பங்கிடும் கணக்கில் ஆற்றின் பெயரும் எழுதப்பட வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர்கள், அந்நீரை அருந்தும் நாமே அன்றோ!