பிள்ளைக்கு வேண்டாம், வீட்டுக்கு வாங்குங்கள்

பிள்ளை ஆசைப்படுகிறதே என்று ஹாம்ஸ்டர் வாங்கித் தருவதை நான் ஏற்கமாட்டேன். வீட்டில் எல்லோரும் சேர்ந்து வளர்ப்பதாக இருந்தால் வாங்கலாம். பெரம்பலூரில் எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுடைய அம்மாக்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது இரவுப் பிராணி. என் மகள் பள்ளிவிட்டு வரும் நேரத்தில் அது ஆழ்ந்து தூங்கும். அப்போது எழுப்பினால் பயத்தில் கடிக்கும். நன்றாக விழித்து ஓடியாட இரவு ஒன்பது, பத்து மணி ஆகும். என் கணவர் அரியலூரில் சிமென்ட் ஆலையில் வேலை பார்க்கிறார். இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து அவர் வீடு வந்து சாப்பிட உட்காரும்போதுதான் அது சக்கரத்தில் ஏறும். அதனால் அது முதலில் பழகியது அவருடைய குரலுக்கு. மகளிடம் சனி, ஞாயிறு இரவுகளில் மெல்ல மெல்லப் பழகியது.

பழக்குவதில் பெரிய வித்தை ஏதும் இல்லை, பொறுமைதான் வேண்டும். கொண்டுவந்த முதல் சில நாட்கள் தொடவே கூடாது. தீனியும் தண்ணீரும் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் போதும். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உள்ளங்கையில் ஒரு விதையை வைத்துக் கூண்டுக்குள் நீட்ட வேண்டும். அதற்குக் கண்பார்வை குறைவு, மூக்குதான் வழிகாட்டி. கையில் கருவாட்டு வாசம் இருந்தால் விரலையும் தீனி என்றே நினைக்கும். மேலிருந்து கையை இறக்கிப் பிடிக்கவே கூடாது. பருந்துக்குப் பயந்து வாழும் பிராணிக்கு மேலிருந்து வரும் எதுவும் பருந்துதான். அதுவாகக் கையில் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். ஏறிய பிறகும் தரையில் உட்கார்ந்தே வைத்திருங்கள். நின்றபடி பிடித்துத் தவறவிட்டால் அந்தச் சின்ன உடம்பு தாங்காது.

என் மாமியார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. மக்காச்சோளக் காட்டில் எலிக்குப் பொறி வைத்தே வயது போனவர். “எலியைக் காசு குடுத்து வாங்குவாங்களா?” என்றார். அதில் நியாயம் இருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். அவர் சரி என்று சொன்ன பிறகே வாங்கினோம். இன்று கம்பும் தினையும் புடைத்து எடுத்து வைப்பது பிள்ளைகளின் அப்பாயிதான். கன்னத்துப் பைகளில் அது தானியத்தை அடைத்துக்கொண்டு போய் மூலையில் பதுக்குவதை முதலில் கவனித்ததும் அவர்தான்.

நம் ஊரில் விளைவதெல்லாம் அதற்கு ஆகாது. பெரம்பலூர் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன மாவட்டம். ஆனால் வெங்காயமும் பூண்டும் ஹாம்ஸ்டருக்கு நஞ்சு. பருத்தியும் இங்கே விளைகிறது. மெத்தென்று இருக்கட்டுமே என்று பஞ்சை வைத்தால் இழை காலில் சுற்றிக்கொள்ளும், விழுங்கினால் குடலை அடைக்கும். மை இல்லாத காகிதத்தைக் கிழித்து, புதைந்து தோண்டும் அளவுக்குக் கனமாகப் பரப்பினால் போதும்.

எனக்குப் பெரிய கவலை வெயில்தான். 1930-ல் சிரியாவின் அலெப்போ அருகே ஒரு வயலைத் தோண்டி, இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் ஒரு தாயையும் குட்டிகளையும் பிடித்தார். இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை அந்தக் குடும்பத்தின் வழி வந்தவை. அவற்றின் சொந்த ஊரிலும் கோடை கடுமைதான். ஆனால் வெயில் நேரத்தில் மண்ணுக்கடியில் குளிர்ச்சியான வளையில் இருந்துவிட்டு, பொழுது சாயும்போது வெளியே வருபவை அவை. நாமோ கூண்டில் அடைத்து ஜன்னலோரம் வைக்கிறோம். ஹாம்ஸ்டருக்கு இதமான வெப்பம் 20 முதல் 24 டிகிரி. சித்திரை, வைகாசியில் பெரம்பலூரிலும் அரியலூரிலும் 40 டிகிரியைத் தொடும். அதற்கு நம்மைப்போல் வியர்க்காது, ஆகவே மின்விசிறிக் காற்று மட்டும் காப்பாற்றாது. குளிப்பாட்டுவதும் ஆபத்து. எங்கள் வீட்டில் ஓட்டுத் தாழ்வாரத்தை ஒட்டிய இருட்டு அறையில், வாய் அகன்ற சிறு மண் கலயத்தைக் கவிழ்த்தாற்போல் சாய்த்து வைத்திருக்கிறோம். வெளியே ஈரச் சாக்கு தொங்கும். பகலெல்லாம் அது அந்தக் கலயத்துக்குள்தான். காங்கிரீட் மாடியில் தகர ஷீட்டுக்குக் கீழே குடியிருப்பவர்கள் தயவுசெய்து இதை வாங்க வேண்டாம்.

கடைக்காரர்கள் சொல்வதையும் அப்படியே நம்பாதீர்கள். நாங்கள் விசாரித்த ஒரு கடையில் “ஜோடியா வாங்குங்க, தனியா இருந்தா ஏங்கிடும்” என்றார்கள். உண்மை நேர்மாறானது. வளர்ந்த பொன்னிற ஹாம்ஸ்டர் தனியாகவே வாழும், இரண்டை ஒரே கூண்டில் விட்டால் ஒன்றையொன்று கடித்துக் கொல்லவும் கூடும். ஆணும் பெண்ணுமாக இருந்தால் சுமார் 16 நாளில் குட்டிகள் வந்துவிடும். அவற்றை யார் வளர்ப்பது? காட்டில் விட்டால் ஒரு நாள் தாங்காது. செல்லப்பிராணிக் கடைகள் பதிவு பெற்றே நடக்க வேண்டும் என்று 2018-ல் ஒன்றிய அரசு விதி கொண்டுவந்தது. மாவட்ட நிர்வாகம் அதைக் கடைகளில் போய்ப் பார்க்க வேண்டும். நம் இரு மாவட்டங்களிலும் கால்நடை மருத்துவமனை என்றால் மாடும் ஆடும்தான். அது தவறில்லை, இங்கே பிழைப்பே அவற்றில் இருக்கிறது. ஆனால் உள்ளங்கை அளவுப் பிராணிக்கு நோய் வந்தால் திருச்சிக்கோ, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ போக வேண்டியிருக்கும். அந்தப் பஸ் பயணத்துக்கும் தயாராக இருப்பவர்களே வாங்க வேண்டும்.

அதன் ஆயுள் இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று வருடம். இதையும் வாங்கும் முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

இந்தக் கோடை விடுமுறையில் உங்கள் பிள்ளை கேட்டால் ஐப்பசி வரை பொறுக்கச் சொல்லுங்கள். அதற்குள் வீட்டில் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள், முக்கியமாகப் பெரியவர்களிடம். ஒருவர் வேண்டாம் என்றாலும் வாங்காதீர்கள்.