சிக்கனமும் உயிரும்

தோழர்களே! 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆயிற்று. அதில் குடும்பம் நடத்தி, பழைய காரும் ஓட்டும் நாம், பவர் ஸ்டீரிங் பம்பு கெட்டால் பட்டறைக் கூலிக்கு அஞ்சி வீட்டிலேயே மாற்றத் துணிகிறோம். அதில் தவறில்லை.

ஆனால் ஸ்டீரிங் முனகியதுமே பம்பைக் கழற்ற வேண்டாம். எண்ணெய் குறைந்ததா, பெல்ட் தளர்ந்ததா, குழாய் கசிகிறதா என்று முதலில் பாருங்கள். புதுப் பம்பு பூட்டியபின், எஞ்சினை இயக்குமுன் ஸ்டீரிங்கை இருபுறமும் பலமுறை திருப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். காற்று தங்கினால் புதுப் பம்பும் கெடும்.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் படுக்காதீர்கள்! தாங்கிகள் கட்டாயம் வேண்டும். ஒருவரால் வாங்க முடியாதா? லயத்தார் கூடி வாங்குவோம். கூலியை மிச்சப்படுத்தி உயிரை இழப்பது சிக்கனமன்று.